வாங்கும் முன்: கல்லூரிக்கு 140 கம்ப்யூட்டர்

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியின் கொள்முதல் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் 140 கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு வாங்கியதில் ஏழெட்டு வகை சேர்ந்துவிட்டது. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேர்வதில்லை. ‘இனி எல்லாருக்கும் ஒரே மாடல்தான்’ என்கிறார் முதல்வர். இயற்பியல் துறை முடியாது என்கிறது. மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைக்காரரோ, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்தால் விலை குறையும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதல்வர் சொல்வது பாதி சரி. 140-க்கும் ஒரே மாடல் என்பது இந்த வருடம் மட்டும்தான் நடக்கும். மாசி வீதியில் கல்யாணத்துக்குப் பத்துப் பேருக்கு ஒரே நிறத்தில் சேலை எடுத்துவிட்டு, மறுமாதம் போய் இன்னும் இரண்டு கேட்டுப் பாருங்கள். ‘அந்த லாட் முடிஞ்சுபோச்சே’ என்பார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதனால் ‘ஒரு லேப், ஒரு மாடல்’ என்று முடிவு செய்யுங்கள். ஒரு லேப்பின் எல்லா சிஸ்டங்களையும் ஒரே பில்லில் மாற்றுங்கள். அடுத்த வருடம் அடுத்த லேப். பழைய பிராசஸர் உள்ள லேப்பிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி சிஸ்டத்தில் வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ.

ஒரே மாடலால் வரும் பெரிய லாபம் விலைத் தள்ளுபடி இல்லை, உங்கள் லேப் உதவியாளரின் நேரம். ஒரு சிஸ்டத்தில் எல்லா மென்பொருளையும் ஏற்றி, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் அதை இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்துவிட்டால், மற்றவற்றில் அப்படியே இறக்கிவிடலாம். செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு நாள் வேலை. தமிழ்த்துறைக்குத் தனி இமேஜ் வையுங்கள். தமிழ்99 விசைப்பலகையோடு, பழைய ஆய்வேடுகளுக்காக பாமினி, வானவில் எழுத்துருக்களும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பேராசிரியரின் பத்து வருட உழைப்பு திரையில் ஜிலேபியாகத் தெரியும்.

அசெம்பிள் விஷயம். விலை குறைவுதான், பாகமும் எங்கும் கிடைக்கும். ஆனால் மதர்போர்டுக்கு ஒருவர், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு ஒருவர் என்று வாரண்டி சிதறிப்போகும். பிராண்டட் சிஸ்டத்தில் கல்லூரிக்கே வந்து பார்க்கும் ‘ஆன்சைட்’ வாரண்டி மூன்று வருடத்துக்குக் கேட்கலாம். திருமங்கலத்திலிருந்து மதுரை சர்வீஸ் சென்டருக்குச் சிஸ்டத்தைப் பஸ்ஸில் தூக்கிப் போகிற வேலை மிச்சம். வெறும் ‘வாரண்டி உண்டு’ என்று கொட்டேஷனில் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ‘ஆன்சைட்’ என்ற சொல்லும் வருடக் கணக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். டெலிவரி ஆனதும் சீரியல் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அதே வாரண்டி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.

பிராண்டட் என்றால் ஒரு குறை: பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். அந்த நிறுவனத்தின் சொந்த வடிவில் இருக்கும், கடையில் வாங்கிப் பொருத்த முடியாது. முப்பது வாங்கும் இடத்தில் முப்பத்தொன்றாக வாங்கி, ஒன்றை ஸ்பேராக அலமாரியில் வையுங்கள். ஆடிட்டர் கேட்டால் காட்ட, காரணத்தை எழுதி வைத்திருங்கள். அப்புறம் ராம்: டி.டி.ஆர்.4 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.5 நுழையாது, எது என்று கேட்டே வாங்குங்கள். 8 ஜி.பி. என்றால் ஒரே ஸ்டிக்காக இருக்கட்டும், ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பின்னாளில் கூட்டிக்கொள்ளலாம். டொமைன் வைத்து, அதாவது எல்லா சிஸ்டங்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப் போகிறீர்கள் என்றால் விண்டோஸ் ஹோம் உதவாது, ப்ரோதான்.

இயற்பியல் துறை சொல்வது நியாயம். கருவியோடு பழைய கார்டு மாட்டி ஓடும் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். சின்னப் பெட்டி மாடலில் அந்தக் கார்டு நுழையாது, நுழைந்தாலும் புது விண்டோஸில் டிரைவர் கிடைக்காமல் போகலாம். அதன் டிஸ்க்கை ஒரு நகல் எடுத்து வைத்து, நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, ‘கைவைக்காதே’ என்று ஒட்டிவிடுங்கள். சிமுலேஷனுக்கு கிராபிக்ஸ் கார்டு கேட்கும் ஆய்வு மாணவருக்கு பெரிய பெட்டியான டவர் மாடலில் ஒன்றிரண்டு போதும். அதைச் சாக்கிட்டு எல்லாத் துறைத் தலைவர்களும் டவர் கேட்பார்கள். ‘எதற்கு?’ என்று எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: பழைய 40 சிஸ்டங்களைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு பில்லில் கழிக்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
— மேலூர் வாசகர்

பதில்: டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். மதிப்பெண்ணும் மாணவர் முகவரியும் அதில்தான் இருக்கின்றன, வெறுமனே ஃபார்மேட் செய்தால் முழுதாக அழியாது. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் புதிதாக நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போகிறது என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். மழுப்பினால், அந்த நிறுவனத்தை நீங்களே நேரடியாக அழைத்துக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.