மாடு வளர்ப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய துண்டு நிலத்தில் மாடு வளர்க்கிறேன். தீனி, மேய்ச்சல், சினை, விற்பது வாங்குவது எல்லாம் கேட்கலாம். மருந்து அளவு மட்டும் சொல்ல மாட்டேன். அதற்குக் கால்நடை இலாகா இருக்கிறது.

ரவாங்: அக்கா, தமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒரே ஒரு பசு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சாணி வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். பாலை விலைக்கு வாங்கிக் குடியுங்கள்.

தாப்பா: தோட்டத்து மண்டோர் (கங்காணி) எனக்குத் தெரிந்தவர். செம்பனைக் காட்டில் மாட்டை விட்டுக்கொள் என்கிறார். நம்பி விடலாமா?

மண்டோர் வாக்கு அவர் அங்கே வேலையில் இருக்கிற வரைக்கும்தான். மானேஜர் மாறினால் "மாட்டை அப்புறப்படுத்து" என்று கடிதம் வரும். பால்மர (ரப்பர்) காலத்திலிருந்து தோட்டத்துச் சனம் மாடு வளர்த்தது அடுத்தவர் நிலத்தை நம்பித்தான். நிலம் கைமாறியபோது பல இடங்களில் லயத்து வீடுகளோடு மாட்டுக் கொட்டகையும் போயிற்று. ஆகவே எழுத்தில் வாங்குங்கள். எந்த பிளாக், எத்தனை மாடு, எதுவரைக்கும் என்று அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் மருந்து. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை, சரி. அதற்காக வேறு களைக்கொல்லி அடிக்காமலா இருக்கிறார்கள்? எங்கே அடித்தார்கள் என்று தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்காமல் கயிற்றை அவிழ்க்காதீர்கள். புதிதாக நட்ட பிளாக் பக்கம் போகவே கூடாது, வாய்க்கு எட்டுகிற மட்டையை எல்லாம் மாடு இழுத்துத் தின்னும். மரம் ஐந்து வயதையாவது தாண்டட்டும். மின்வேலி கட்டி, ஒரு பிளாக்கில் சில நாள் மேய்த்து அடுத்ததற்கு மாற்றினால் தோட்டத்துக்கும் களைச் செலவு குறையும். மானேஜரிடம் அதைச் சொல்லித்தான் பேச வேண்டும். கெஞ்சிப் போய் நிற்காதீர்கள்.

கூலிம்: ஒரு மாட்டுக்கு மாதம் எவ்வளவு லாபம் நிற்கும்?

புல் எங்கே இருக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள். மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தின்னும். 350 கிலோ பசுவுக்கு 35 கிலோ. மழை கொட்டினாலும் உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதற்குப் பசிக்கும். நேப்பியர் புல் நட்டு நீங்களே அறுத்தால் ஏதோ மிஞ்சும். புல்லை லோரியில் வாங்கிப் போட்டால் சாணிதான் லாபம். ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதம் பாலை வற்றவிட வேண்டும், தீனியை நிறுத்த முடியாது. அதையும் கணக்கில் சேருங்கள்.

பாகான் செராய்: பிகேசி (செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு) மட்டும் போடுகிறேன். பால் ஏறவில்லை.

பிகேசியில் புரதம் 15 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது, நல்ல தீனிதான். ஆனால் அது தூள். நீளமான நார் வயிற்றுக்குள் போனால்தான் மாடு அசைபோடும். அசைபோட்டால்தான் பாலில் கொழுப்பு நிற்கும். புல்லோ, வெட்டிய செம்பனை மட்டையோ சேர்த்துப் போடுங்கள். வீட்டில் செம்மறி இருந்தால் அதற்கு இதை வாரிப் போட்டுவிடாதீர்கள். இதில் உள்ள செம்புச்சத்து ஈரலில் சேர்ந்து செம்மறியைக் கொன்றுவிடும்.

சுங்கை பட்டாணி: சுத்த பிரீசியன் பசு வாங்கலாமா?

25 டிகிரி தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும். பிரீசியனோடு வெயில் தாங்கும் சாஹிவால் இனம் கலந்த மாட்டைப் பாருங்கள். இலாகா உருவாக்கிய மாஃப்ரிவால் அந்தக் கலப்புதான்.

பீடோர்: காளைக்கன்றை என்ன செய்கிறீர்கள் அக்கா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வியாபாரி வந்து கேட்கிறார். மனசு வரவில்லை.

நான் விற்கிறேன். பால் வேண்டுமென்றால் பசு ஈன வேண்டும், ஈனுவதில் பாதி காளை. இங்கே உழவும் இல்லை, வண்டியும் இல்லை.

தைப்பிங்: மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் மஞ்சள் பூசிவிட்டு வெட்டுக்கு அனுப்புகிறீர்களே, பாவம் இல்லையா? கோயிலுக்கு விடலாம்.

கோயிலுக்கு விட்டபின் யார் புல் அறுப்பது? நிர்வாகத்தில் ஆள் மாறுவார்கள், மாடு டவுன் ரோட்டுக்கு வரும். குப்பையில் பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு அடைத்துச் சாகிற மாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அது பாவக் கணக்கில் வராதா?

தைப்பிங்: முறையாகப் பராமரிக்கிற இடங்களும் உண்டு.

உண்டு. காளை பதினைந்து வருஷம்கூட இருக்கும். மாட்டோடு தீனிப் பணத்தையும் வருஷா வருஷம் கொடுப்பவர் தாராளமாக விடட்டும், கும்பிடுகிறேன். கயிற்றை மட்டும் கொடுத்துவிட்டுப் புண்ணியம் கேட்பவரோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஈப்போ: பால் காசையும் வாங்கிக்கொண்டு தத்துவமும் பேசுகிறீர்கள்.

தத்துவம் இல்லை தம்பி, தீனிக் கணக்கு. நீங்கள் தேநீரில் கலக்கிற பால்மாவுக்குப் பின்னாலும் இதே காளைக்கன்று இருக்கிறது. நியூசிலாந்தில் நடப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பீடோர் தம்பிக்கு: மனசு வராவிட்டால் விற்காதீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெண் கன்றுக்கென்று பிரித்தெடுத்த விந்து என்று ஒன்று இருக்கிறது. அதைச் சினை ஊசியாகப் போட்டால் பத்தில் ஒன்பது கன்று கிடேரியாகப் பிறக்கும். விலை கூடுதல், சினை பிடிப்பதும் கொஞ்சம் குறைவு. இலாகாவில் கேட்டுப் பாருங்கள்.

சிரம்பான்: லாபம் எவ்வளவு வரும் அக்கா?

கூலிம்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கம்பார்: தோட்டத்தில் புல் சும்மா கிடக்கிறது. அறுத்து வந்து போடலாமா?

மருந்து அடித்ததா என்று கேட்டீர்களா? அடித்த புல் சில நாளைக்குப் பச்சையாகத்தான் நிற்கும். கண்ணை நம்பாதீர்கள், கிராணியைக் கேளுங்கள். தாப்பாவுக்கும் இதைத்தானே சொன்னேன்!

தெலுக் இந்தான்: தோல் முழுக்கக் கட்டி, காய்ச்சலும் இருக்கிறது.

தோல் கழலை நோயாக இருக்கலாம். 2021இல் இந்த நாட்டுக்குள் வந்தது. கடிக்கிற ஈயும் கொசுவும் பரப்பும், மனிதருக்கு ஒட்டாது. மாட்டைத் தனியே கட்டிவிட்டு இன்றே இலாகாவுக்குச் சொல்லுங்கள். அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள், அடுத்தவன் கொட்டகைக்கும் போகும்.

கிள்ளான்: மாதம் எவ்வளவு...

அடுத்தவர்.

சிலிம் ரிவர்: சினை ஊசி இரண்டு தடவை போட்டும் நிற்கவில்லை.

நேரம் தப்பியிருக்கும். காலையில் மாடு கத்தி, மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நின்றால் அன்று சாயங்காலம் ஊசி. சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை. தேதியை எழுதி வையுங்கள், 21 நாள் கழித்து மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். மூன்றாவது தடவையும் நிற்காவிட்டால் ஊசியை விட்டுவிட்டுக் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.