கம்பேஷன்னா என்னன்னு கேட்ட பிள்ளைக்கு

மக்களே, இங்கிலாந்து நர்ஸ் வேலை இன்டர்வியூவுல ‘கம்பேஷன்’னா என்னன்னு கேட்டாங்க, ‘பிட்டி’ன்னு சொன்னேன், அவங்க முகம் மாறிப்போச்சு, அது தப்பான்னு எழுதியிருக்கே. குளிருக்குப் போடுற ஜாக்கெட், அரிசி, வாடகை வீடுன்னு வேறயும் கேட்டிருக்கே. அதெல்லாம் இங்கிலாந்து வந்து ஒரு வாரத்துல தன்னால பிடிபடும். இந்த ஒரு வார்த்தையைப் பத்திச் சொல்லுதேன்.

தப்புதான். நம்ம குமரி மாவட்டத்துல, கருங்கல் ஊர்ப் பக்கம் ‘பாவம் பிள்ளை’ன்னு சொன்னா அதுல பாசம் இருக்கு. பிட்டி அப்படி இல்ல, மேல நின்னு கீழ பாக்குற சொல். நோயாளி முகத்துக்கு நேர சொன்னா அவமானப்படுத்துன மாதிரி. சிம்பதிங்கிறது துக்கத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறது, சாவு வீட்டுக்கு அனுப்புற கார்டுல அச்சடிச்சிருக்கும். எம்பதி அவங்க இடத்துல நின்னு உணருறது. உணர்ந்ததோட நிக்காம கையும் நீண்டாதான் கம்பேஷன். தமிழ்ல பரிவுன்னு நான் சொல்லுவேன்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல ‘பாடுகள்’ வாசிக்கிறோமே, அதுக்கு இங்க ‘பேஷன்’ன்னுதான் பேரு. கூடச் சேர்ந்து பாடுபடுறது கம்பேஷன். ‘பேஷன்ட்’டும் அதே லத்தீன் வேர்தான், பாடுபடுறவர்னு அர்த்தம். இது தெரிஞ்ச பிறகு எனக்கு அந்த வார்த்தை மறக்கவே இல்ல.

‘ஷோ கம்பேஷன்’னு சொல்லு, ‘வித் கம்பேஷன்’னு சொல்லு. அதை அப்படியே வினைச்சொல்லா ஆக்கிடாதே. நம்ம ஊர்ல ‘கம்பேஷனேட் கிரவுண்ட்’னா அப்பா சர்வீஸ்ல இறந்து பிள்ளைக்குக் கிடைக்கிற அரசு வேலை. இங்க அந்தச் சொல்லை அதிகம் கேக்கப்போறது ‘கம்பேஷனேட் லீவு’ங்கிறதுலதான், வீட்டுல சாவு மாதிரி ஒண்ணுன்னா தர்ற லீவு.

2012 டிசம்பர்ல இங்கிலாந்து நர்சிங் தலைமை ‘ஆறு சி’ன்னு, நர்ஸ்கிட்ட இருக்க வேண்டிய ‘சி’ எழுத்துல தொடங்குற ஆறு குணங்களைக் கொண்டு வந்துச்சு, அதுல கம்பேஷனும் உண்டு. கோச்சிங் சென்டர்ல அந்த ஆறையும் மனப்பாடம் பண்ணிட்டு வருற நம்ம பிள்ளைகள், வார்டுல ஒரு பாட்டி தண்ணி கேட்டா ‘ஒன் மினிட்’னு சொல்லிட்டு கம்ப்யூட்டரைப் பாக்குறதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன். எனக்கு அது பொறுக்காது.

நான் 2009ல வந்தேன். வயசானவங்களைப் பாத்துக்கிற ஒரு கேர் ஹோம்ல அடாப்டேஷன், அதாவது வெளிநாட்டு நர்ஸுக்கான பயிற்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தாத்தா இறந்தாரு. நான்தான் மகளுக்கு போன் பண்ணினேன். ‘யுவர் ஃபாதர் எக்ஸ்பயர்ட்’. நம்ம ஆஸ்பத்திரிகள்ல அப்படித்தானே எழுதுவோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பிறகு ‘எக்ஸ்பயர்ட்?’னு மட்டும் கேட்டாங்க. இங்க அது பால் பாக்கெட்டுக்குச் சொல்றது. சீனியர் சிஸ்டர் போனை வாங்கி, ‘ஹி டைட்’னு மெதுவா சொல்லி, ‘நீங்க வர்ற வரைக்கும் நான் அவர் பக்கத்துல உக்காந்திருக்கேன்’னாங்க. உக்காந்தும் இருந்தாங்க, விடியுற வரைக்கும்.

லீவு விஷயத்துல கவனமா இரு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்ப, நம்ம குமரிக் கடற்கரை ஊரான சின்னத்துறையில இருந்து போன எங்க சித்தப்பா கடல்ல இருந்தாரு. எங்க அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வச்சது அவருதான். கம்பேஷனேட் லீவு கேட்டேன். அப்ப நான் வேலை பாத்த இடத்துல பட்டியலைப் புரட்டிப் பாத்துட்டு, அப்பா, அம்மா, கணவன், பிள்ளைன்னா தரலாம், சித்தப்பா இதுல இல்லன்னாங்க. இறந்த தேதி கேட்டாங்க. உடலே கிடைக்காதவருக்கு நான் என்ன தேதி சொல்ல? குடும்பத்துல ஒருத்தருக்கு அவசரம்னா லீவு எடுக்க இங்க சட்டம் இருக்கு. ஆனா அதுல யாரெல்லாம் சேருவாங்கன்னு ஒரு வரையறை வச்சிருக்காங்க, அந்த நாளுக்குச் சம்பளம் தரணும்னும் கட்டாயம் இல்ல. அதனால கையெழுத்துப் போடும் முன்னால அந்தப் பக்கத்தை முழுசா வாசி. சித்தப்பா, பெரியம்மா, தாத்தா உண்டான்னு வாயைத் திறந்து கேளு. நான் கேக்கல.

நம்ம ஊர்க்காரங்க சிலர் அன்னைக்கு ‘இங்க இதெல்லாம் சகஜம்’னு சொல்லிட்டுப் போனாங்க. வார்டு துடைக்கிற ஒரு ஜமைக்கா அம்மா மட்டும் எதுவும் கேக்காம சர்க்கரை போட்ட சாயாவைக் கையில தந்து, என் ட்ராலியைத் தள்ளிக்கிட்டுக் கூடவே நடந்தாங்க. இன்டர்வியூவுல அடுத்த தடவை கேட்டா, மனப்பாடத்தை விட்டுட்டு நீ கண்ணால பாத்த இப்படி ஒண்ணைச் சொல்லு. ஜாக்கெட் இங்க வந்து வாங்கிக்கோ.