பழைய டிஸ்க்கை முதலில் கழற்றுங்கள்: எஸ்.எஸ்.டி. கேள்வி-பதில்

புது எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்கி மாட்டியவர்களின் கேள்விகளாகவே இந்த முறை குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11 போட்டேன், நன்றாக ஓடியது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி பூட் ஆகவே இல்லை. திரும்ப மாட்டினால் சரியாகிவிடுகிறது. எஸ்.எஸ்.டி. கோளாறா?

எஸ்.எஸ்.டி. மேல் பழி போடாதீர்கள். விண்டோஸ் அதில்தான் இருக்கிறது. அதை எழுப்பிவிடுகிற ஆள் பழைய டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறார்.

கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் என்ற மென்பொருள் நேராக விண்டோஸ் ஃபோல்டரைத் தேடிப் போவதில்லை. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற குட்டிப் பகுதியைத்தான் தேடும். பூட் கோப்புகள் இருப்பது அங்கே. வழக்கமாக 100 எம்.பி. அளவுதான், டிரைவ் எழுத்தும் கிடையாது என்பதால் யார் கண்ணிலும் படாது. நிறுவும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால், பழையதில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பகுதியிலேயே இன்ஸ்டாலர் புது விண்டோஸின் பூட் கோப்புகளையும் போட்டுவிடும். கேட்கவும் கேட்காது, சொல்லவும் சொல்லாது.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். ‘ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்ற வாசகம் சி டிரைவ் இருக்கும் வரிசையில் இல்லாமல் மற்ற டிஸ்க்கின் வரிசையில் இருந்தால் விஷயம் இதுதான்.

நிறுவி ஓரிரு நாள்தான் ஆகிறதென்றால் பழையதைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவதே சுலபம். எல்லாம் செட் செய்து முடித்துவிட்டீர்கள் என்றால், முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு இப்படிச் செய்யுங்கள். பழைய டிஸ்க் மாட்டியபடியே இருக்கட்டும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்குகளைப் பிரிக்க உதவும் டிஸ்க்பார்ட் கருவிக்குள் போய், சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 300 எம்.பி. ஷ்ரிங்க் செய்யுங்கள் (அதாவது சுருக்குங்கள்). கிடைத்த இடத்தில் ஈஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். வெளியே வந்து பிசிடிபூட் கட்டளைக்கு சி-யில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ் எழுத்தையும் காட்டினால் பூட் கோப்புகள் அங்கே எழுதப்படும். பிறகு கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, ஆன் செய்து பாருங்கள். அது இல்லாமல் இரண்டு மூன்று தடவை ஒழுங்காக பூட் ஆன பிறகே பழையதை ஃபார்மட் செய்யலாம். அவசரப்பட்டு அழித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் லேப்டாப்பில் இன்ஸ்டாலர் ‘எங்கே நிறுவுவது’ என்று கேட்கும் திரை காலியாக இருக்கிறது. பயாஸில் மட்டும் எஸ்.எஸ்.டி. பெயர் தெரிகிறது.

நானே ஒரு முறை இந்தத் திரை முன்னால் முக்கால் மணி நேரம் தொலைத்தேன். டிரைவைக் கழற்றி மாட்டினேன், பென்டிரைவை மாற்றினேன், கடைசியில் எஸ்.எஸ்.டி.யைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் வைத்துக் கட்டவும் ஆரம்பித்துவிட்டேன். டிரைவ் சுத்தமாக நன்றாகவே இருந்தது.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற, எஸ்.எஸ்.டி.களை நிர்வகிக்கும் வசதி ஆன் ஆகியே வரும். எஸ்.எஸ்.டி. அதன் பின்னால் நிற்கும். அதற்குரிய டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லாவிட்டால் டிரைவே தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அந்த ஃபோல்டரை பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.என்.எஃப். என்று முடிகிற கோப்புகள் உள்ளே இருக்க வேண்டும். செட்டப் கோப்பை மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது. பிறகு அதே காலித் திரையில் ‘லோட் டிரைவர்’ அழுத்திக் காட்டுங்கள்.

பயாஸில் வி.எம்.டி.யையே ஆஃப் செய்வது குறுக்கு வழி. புது டிரைவ் மட்டும் இருந்தால் செய்யலாம். பழைய விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் கை வைக்காதீர்கள், அது நீலத் திரையில் போய் நின்றுவிடலாம். இன்னொன்று: பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: ‘இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸ் நிறுவ முடியாது’ என்று வருகிறது. என்ன செய்ய?

ஜிபிடி என்பது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் புதிய முறை. டிஸ்க்கில் குறையில்லை, நீங்கள் உள்ளே வந்த வாசல்தான் தப்பு. பென்டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும்; முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ (புதிய பூட் முறை) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி தெரியவில்லை என்றால் பென்டிரைவையே யூஇஎஃப்ஐ-க்கு ஏற்றபடி மறுபடி தயாரியுங்கள்.

இதே தொல்லைக்கு டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எம்பிஆர் 2 டி.பி.க்கு மேல் கணக்கில் எடுக்காது, பிரைமரி பார்ட்டிஷனும் நான்குதான். மாற்றுவதற்காக டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ (டிஸ்க்கையே துடைத்துவிடும் கட்டளை) கொடுக்கிறவர்கள் எந்த டிஸ்க்குக்குக் கொடுக்கிறோம் என்பதை அளவை வைத்து இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தால் அந்தப் பயமே இல்லை.

கேள்வி: எம்.2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் பயாஸிலேயே தெரியவில்லை.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர். 2280 என்று போட்டிருப்பது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அவ்வளவுதான். உள்ளே ஓடும் இணைப்பு முறை பழைய சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இ ஆகவும் இருக்கலாம். சில ஸ்லாட்கள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். மதர்போர்டு மேனுவலைப் பாருங்கள். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும் என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும்.

கேள்வி: பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யலாமா, புதிதாக நிறுவலாமா?

பழைய விண்டோஸ் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகிறது, மறுபடி நிறுவக் கஷ்டமான மென்பொருள்கள் இருக்கின்றன என்றால் குளோன். ஏற்கெனவே முக்கி முனகிக்கொண்டிருந்தால் புதிதாகவே போடுங்கள். குப்பையோடு குடிபெயர்வதில் அர்த்தமில்லை. என் ஓட்டு எப்போதும் புதிதாக நிறுவுவதற்குத்தான். குளோன் செய்தால் முடிந்த கையோடு கணினியை அணைத்து, பழையதைக் கழற்றிவிட்டு முதல் பூட் செய்யுங்கள்.

கேள்வி: டிஸ்க் மாறினால் விண்டோஸ் கீ போய்விடுமா?

போகாது. டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது. கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் கீ இல்லை’ என்று சொல்லி, முன்பிருந்த அதே பதிப்பை (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) நிறுவுங்கள். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

கேள்வி: 1 டி.பி. வாங்கினேன், 931 ஜி.பி.தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே சொச்சம் என்று கணக்கிடுகிறது. பைட் ஒன்றும் குறையவில்லை.

கேள்வி: பத்து வருடப் பழைய கணினி. எஸ்.எஸ்.டி. போட்டால் விண்டோஸ் 11 வருமா?

வேகம் வரும், தகுதி வராது. 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிரௌசரும் கடிதம் எழுதுவதும்தான் வேலை என்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு நிறுவலாம்.

கேள்வி: எஸ்.எஸ்.டி. தேயாமல் இருக்க பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றச் சொல்கிறார் நண்பர்.

1 டி.பி. டிரைவ்கள் பலவற்றுக்கு 600 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 50 ஜி.பி. எழுதினாலும் அந்த அளவைத் தொடக் கிட்டத்தட்ட 33 வருடம் ஆகும். பேஜ்ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.