ஆன்டெலோப் கேன்யனுக்குள் வழிகாட்டி இல்லாமல் ஏன் போக முடியாது?

அமெரிக்காவின் அரிசோனாவில், பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் செம்பாறைப் பிளவு நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அவர்கள் அனுமதித்த வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். பணம் பிடுங்கும் ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு.

காட்டாற்று வெள்ளம் மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய இடுக்கு இது. பல இடங்களில் இரண்டு பேர் ஒன்றாக நடக்கக்கூட முடியாது. தொலைவில் எங்கோ மழை கொட்டினாலும், பாறைத் தரை அதை உறிஞ்சாது. அத்தனை தண்ணீரும் இங்கேதான் திரண்டு வரும். இந்தப் பிளவில் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப்பகுதியில் அப்படித்தான் 11 பயணிகள் இறந்தார்கள். அந்த இடத்தில் மழை பெரிதாகப் பெய்யவே இல்லை! அதற்குப் பிறகுதான் பாறையில் இறுக்கிய இரும்பு ஏணிகள் வந்தன. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம். அப்போது வானம் தெளிவாக இருக்கும்போதே வழிகாட்டி பயணத்தை ரத்து செய்தால், தயவுசெய்து வாதாடாதீர்கள். மேல்நிலத்தின் வானிலையைப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார்.

முழங்கால் வலி இருப்பவர்களுக்கு மேல்பகுதிதான் சரி, சமதரை நடை. கோடையில் நண்பகலை ஒட்டி ஒளிக்கற்றை விழுவதும் அங்கேதான். கீழ்ப்பகுதியில் ஏணி ஏறி இறங்க வேண்டும்.

இன்னொன்று: கோடையில் நவஹோ நிலத்தின் கடிகாரம் பேஜ் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கைபேசி குழப்பிவிடும். எந்த நேரக் கணக்கு என்று முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.