"இம்போர்ட்டட் டைட்டானியம்" என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. முக்கூடலில் சின்ன வயசிலிருந்து பீடி சுற்றுகிறவர். இடது இடுப்பில் பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று நசிந்துவிட்டதாம், மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் சாதா, இம்போர்ட்டட், செராமிக் என்று மூன்று ரேட். எஸ்டிமேட்டில் "இம்ப்ளான்ட் – இம்போர்ட்டட் டைட்டானியம்" என்று ஒரே வரி. கூடக் கொடுத்தால் கூட நாள் உழைக்குமா?

பதில்: அந்த ஒரு வரியை நம்பி எந்த ரேட்டுக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். உள்ளே வைப்பது ஒரு பொருள் இல்லை, நாலு பொருள். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் உச்சியில் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் உறை மாதிரி உட்காரும் லைனர். நாலும் நாலு விதமான வேலை செய்பவை, பொருளும் வேறு வேறு.

டைட்டானியக் கலவை தண்டுக்கும் கிண்ணத்துக்கும் நல்லது. சொரசொரப்பான அதன் மேல்பரப்பில் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். எலும்பு பலவீனமாக இருந்தால் போன் சிமென்ட் வைத்துத் தண்டைப் பொருத்துவார்கள். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது கோபால்ட்-குரோமியத் தண்டுதான் வழக்கம். சிமென்ட் என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வயதானவர்களுக்குப் பல நேரம் அதுதான் பத்திரம். பந்துக்கு டைட்டானியம் ஆகாது, உரசலில் கீறல் விழும். பந்து கோபால்ட்-குரோமியமாகவோ செராமிக்காகவோதான் இருக்கும். ஆக, "டைட்டானியம்" என்ற சொல் மூட்டில் பாதியைப் பற்றித்தான் பேசுகிறது.

எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் பெரும்பங்கு மீதிப் பாதிக்கு. பம்புசெட்டில் புஷ் தேய்வது மாதிரி இங்கே தேய்வது லைனர். 1962-ல் இங்கிலாந்தில் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி இந்த இடத்துக்குப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் வைத்துப் பார்த்த டெஃப்லான் சீக்கிரமே தேய்ந்துபோனது. பழைய பாலிஎத்திலீனிலும் ஒரு சிக்கல் இருந்தது. தேய்ந்து உதிரும் தூளை எதிர்க்கப் போய் உடம்பே சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துவிடும், மூட்டு ஆடிப்போகும். கதிர்வீச்சு கொடுத்துக் கெட்டிப்படுத்திய "ஹைலி கிராஸ்லிங்க்டு" பாலிஎத்திலீன் வந்தபிறகு அந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. உங்கள் அம்மாவுக்கு வைக்கும் லைனர் இந்த வகையா? நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இம்போர்ட்டட்டா, உள்ளூரா என்பதெல்லாம் அப்புறம்.

என் அபிப்பிராயம்: 63 வயதில் செராமிக் பந்து, ஹைலி கிராஸ்லிங்க்டு லைனர் என்ற ஜோடியே தாராளம். பணம் இடித்தால் உலோகப் பந்தோடு அதே லைனர். அதுவும் நல்ல ஜோடிதான். பந்தும் லைனரும் இரண்டுமே செராமிக் என்பது இளம் வயதுக்காரர்களுக்கு யோசிக்கலாம். அபூர்வமாக அது உடையும், சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்கும். கடைசி முடிவு எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவருடையது. ஆனால் காரணத்தை அவர் உங்களுக்கு விளக்கட்டும்.

பந்தின் அளவையும் கேளுங்கள்: 28, 32, 36 மில்லிமீட்டர் என்று வரும். பெரிய பந்து எளிதில் நழுவாது. தரையில் சம்மணமிட்டு, சுளகை மடியில் வைத்து இலையும் தூளுமாகக் குனிந்தே இருக்கிற உடம்பு அம்மாவுடையது. எந்த மூட்டு வைத்தாலும் அந்த இருப்பை மாற்றத்தான் சொல்வார்கள். சுளகு வைக்க மேசை, உட்கார உயரமான நாற்காலி, வீட்டில் வெஸ்டர்ன் கக்கூஸ், இவற்றுக்கும் இப்போதே காசு ஒதுக்குங்கள்.

விலைக்கு வருவோம். முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. இடுப்பு மூட்டுக்கு அந்த மாதிரி வரம்பு இல்லை, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இவ்வளவு வித்தியாசம். நாலு பாகத்துக்கும் தனித்தனியாகக் கம்பெனி, மாடல், எம்ஆர்பி எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் லாட் நம்பரோடு ஸ்டிக்கர் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அது கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு செட் ஒட்டித் தரச் சொல்லி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு முதலில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு 2009-ல் வெளியூரில் இடுப்பு மூட்டு வைத்தது. பந்து, கிண்ணம் இரண்டும் உலோகம் என்கிறார். வலி இல்லை. பயப்பட வேண்டுமா?
— சங்கரன்கோவில் வாசகர்

பதில்: பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளில் கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலக்கலாம், சுற்றியுள்ள சதையும் கெடலாம். டிப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் மாடல் 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி மாடல் பெயரைப் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கேளுங்கள். வலி இல்லாவிட்டாலும் எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரேயும் ரத்தத்தில் கோபால்ட், குரோமிய அளவும் பார்த்துவிடுங்கள். ஏஎஸ்ஆர் என்று தெரிந்தால் இழப்பீடு கேட்க வழி உண்டு. 2018-ல் மத்திய அரசு அதற்குக் கணக்கு வகுத்திருக்கிறது. அதற்கும் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான்.