தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொண்டை கெடாமல் பிடிப்பது எப்படி?

மேல் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியில் வரும் 'ப' ஸ்வரம் பாடும்போது தொண்டை இறுகி, அப்புறம் கரகரப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் சுருதியை, அதாவது உங்கள் 'ஸ' நிற்கும் அடிப்படை உயரத்தைப் பாருங்கள். 1 கட்டையில் (மேற்கத்திய முறையில் C சுருதி) பாடும் ஆணுக்கு அந்தப் பஞ்சமம் சுமார் 392 ஹெர்ட்ஸ். குரல் நாண்கள் நொடிக்கு அத்தனை முறை மோதிப் பிரிகின்றன. அரைக் கட்டை இறக்கினால் சுமார் 370தான். சுருதியைக் குறைப்பதில் வெட்கமே வேண்டாம்.

உயரம் சத்தத்தால் வருவதில்லை. நாண்கள் நீண்டு மெலிவதால் வருகிறது. அதனால் மேலே போகப் போக மூச்சை முட்டித் தள்ளாதீர்கள். தாடையைத் தளர்த்தி, மெதுவாகப் பாடுங்கள். ஒரு உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்து ஊதியபடியே மத்திம ஸ்தாயி ஸட்ஜமத்திலிருந்து (நடு ஸ்தாயியின் 'ஸ') வழுக்கி ஏறிப் பழகுங்கள். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வலித்தால் அன்றைக்கு அதோடு சரி, நிறுத்திவிடுங்கள். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.