டேப்பை யாரு புடிக்கிறது?

கேள்வி: பையன் ஸ்கூல் பக்கத்துல ஒரு பொட்டிக்கடை சார், பசங்க கண்ணு முன்னாடியே சிகரெட்டு லூஸ்ல விக்குது. கேட்டா "கேட்டுலருந்து நடந்து பாருங்க, நூத்தி இருபது மீட்டர் வரும்"ங்குறாரு. ஹெச்.எம் கிட்ட சொன்னா கார்ப்பரேஷன்ங்குறாங்க, அங்க போனா போலீஸ்ங்குறாங்க, போலீஸ்ல மறுபடி கார்ப்பரேஷன்ங்குறாங்க. நான் யாரைத்தான் கேக்குறது?
- ஒரு அம்மா, அம்மாபேட்டை

பதில்: முதல்ல அந்த நூத்தி இருபதை விடுங்கம்மா. 2003 புகையிலைச் சட்டத்துல ஸ்கூல், காலேஜை சுத்தி 100 கஜத்துக்குள்ள விக்கக்கூடாதுன்னு இருக்கு, அதாவது 91 மீட்டர் சொச்சம். ஆனா அதை கேட்டுலருந்து சந்து சந்தா நடந்து அளக்கக்கூடாது, காம்பவுண்டு சுவரோட வெளிப்பக்கத்துலருந்து வட்டம் போட்ட மாதிரி நேரா அளக்கணும்னு ரூல்ஸ்லயே இருக்கு. இது கடைக்காரருக்கும் தெரியாது, பாதி ஆபீசருக்கும் தெரியாது.

எங்க தெருவுல இதே பஞ்சாயத்து வந்தப்ப மேஸ்திரி ஒருத்தர்கிட்ட 30 மீட்டர் டேப்பை கடன் வாங்கிட்டு நானே போனேன், இன்னொரு முனையைப் புடிக்க ஆளில்ல, கடைசில கடைக்காரரே "குடுங்க சார் நான் புடிக்கிறேன்"னு வந்து புடிச்சாரு. 64 மீட்டர். அவரு ஒன்னும் சொல்லல, மறுநாள் பாத்தா பாக்கெட்டெல்லாம் கடலைமிட்டாய் பாட்டிலுக்குப் பின்னாடி போயிருந்துச்சு, அவ்வளவுதான் மாற்றம். வியாபாரம் அதேதான்.

ஏன்னு கேட்டீங்கன்னா இந்த வேலை ஒரே ஆளோடது இல்ல. குட்காவா, அது ஃபுட் சேஃப்டி. சின்னப்பசங்களுக்கு வித்தா போலீஸ், அதுக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்துல 7 வருஷம் வரைக்கும் ஜெயிலே இருக்கு. கடை ரோட்டை ஆக்கிரமிச்சிருந்தாலோ லைசென்ஸ் இல்லைன்னாலோ கார்ப்பரேஷன். ஸ்கூலு தன் பங்குக்கு "இங்க 100 கஜத்துக்குள்ள விக்கக்கூடாது"ன்னு வாசல்ல போர்டு வெச்சே ஆகணும், அதனால ஹெச்.எம் கையைக் கழுவ முடியாது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அதிகாரம் இருக்கு, முழுசா யாருகிட்டயும் இல்ல. மே 31, புகையிலை எதிர்ப்பு தினம் வந்தா எல்லா டிபார்ட்மெண்டும் சேர்ந்து பேனர் புடிச்சு ஊர்வலம் போவாங்க, பேனரைப் புடிக்க நாப்பது கை வருது, டேப்பைப் புடிக்கத்தான் ஒரு கை வர மாட்டேங்குது. அதுலயும் சுறுசுறுப்பா ஓடுற ஆபீசர் ஒருத்தர் வந்தா ஆறு மாசத்துல மாத்தல் ஆர்டரும் வந்துரும், அடுத்து வர்றவருக்கு மறுபடி அ, ஆவன்னால இருந்து சொல்லணும்.

அபராதமும் அப்படித்தான். 100 கஜத்துக்குள்ள வித்தா 200 ரூபாய் வரைக்கும், 2003லருந்து அதே 200, சில சிகரெட்டு பாக்கெட்டு விலையே இப்ப அதைவிட ஜாஸ்தி. அதனாலதான் கடிவாளம் உள்ளாட்சி கையிலதான் இருக்குன்னு நான் சொல்வேன். புகையிலை விக்குற கடைக்கு கார்ப்பரேஷன், பஞ்சாயத்து மூலமா தனி லைசென்ஸ் குடுங்க, அந்தக் கடையில சிப்ஸ், பிஸ்கட்டு, மிட்டாயி விக்க விடாதீங்கன்னு மத்திய சுகாதாரத் துறை 2017லயே மாநிலங்களுக்கு எழுதுச்சு. ஆலோசனைதான், கட்டாயமில்ல. கவுன்சிலருக்கும் தயக்கம் இருக்கும், பொட்டிக்கடைக்காரரும் அவரு வார்டு ஓட்டுதானே, மழையில நனைஞ்சுக்கிட்டு வயித்துப்பாட்டுக்கு கடை போட்டவரு. எனக்கும் அவரு மேல கோவம் கம்மிதான்.

நீங்க ஒன்னு பண்ணுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் நடக்கும், எல்லா டிபார்ட்மெண்டு ஆபீசரும் ஒரே ஹால்ல உக்காந்திருப்பாங்க, "அவங்களைக் கேளுங்க"ன்னு சொன்னா அவங்க ரெண்டு நாற்காலி தள்ளித்தான் இருப்பாங்க. சுவர்லருந்து நேரா அளந்த கணக்கை ஒரு தாள்ல படமா போட்டு, மனுவோட சேர்த்துக் குடுத்து ரசீது வாங்கிக்குங்க.

கேள்வி: ஏற்காடு ஏரி ஓரமா டூரிஸ்ட்டுங்க ஊதித் தள்ளுறாங்க, துண்டு பூரா எங்க காலடியில. பஞ்சாயத்துல சொன்னா "சட்டம் இருக்கு"ங்குறாங்க, ஆனா யாரும் ஃபைன் போடல. ஏங்கண்ணே?
- ஒரு தம்பி, ஏற்காடு

பதில்: சட்டம் இருக்கு தம்பி, ஆனா நீ நினைக்கிற இடத்துல இல்ல. 2008 அக்டோபர் 2லருந்து பொது இடத்துல சிகரெட்டு புடிக்கத் தடை அமலுக்கு வந்துச்சு, ஓட்டல், ஆபீஸ், பஸ் ஸ்டாப்பு எல்லாம் அதுல வரும், ஆனா திறந்தவெளியைச் சட்டமே வெளிய விட்டுருச்சு. ரோட்டோரத்துல நின்னு ஊதுறவனை அந்தச் சட்டத்தை வெச்சு பஞ்சாயத்து ஒன்னும் பண்ண முடியாது. துண்டைக் கீழ போடுறதை குப்பைக் கணக்குல புடிக்கலாம், அந்த பஞ்சு பிளாஸ்டிக் ஜாதிதான், லேசுல மக்காது, வெயில் காலத்துல சருகுல விழுந்தா மலையே பத்திக்கும். அதுக்கு கிராம சபையில தீர்மானம் போட வையி. வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது, அக்டோபர் 2ம் அதுல ஒன்னு. தீர்மானத்துல யாரு பணம் வசூலிக்கிறதுன்னு பேரோட எழுத வையி, இல்லைன்னா அதுவும் பேனர் கதைதான்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விடணும்ங்குறாரு, முடியலைங்குறாரு.
- ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: 1800-11-2356, புகையிலையை விட உதவுற காசில்லாத நம்பர். நீங்க பேசாதீங்க, போனை அவரு கையில குடுங்க.